மாட்டுக்கு ஊற்றிய முட்டை

கோழி செத்ததை விசாரிக்க வந்த டாக்டரம்மா என்னிடம் முதலில் கேட்டது மாட்டைப் பற்றி. கறவை எத்தனை, எங்கே கட்டுகிறீர்கள், கோழி குடிக்கிற தண்ணீரும் மாடு குடிக்கிற தண்ணீரும் ஒரே தொட்டியா, பூனை உண்டா, நாய் உண்டா, அவை என்ன தின்கின்றன. பின்னால் ஷெட்டில் கோழிகள் கழுத்தை மடக்கிக்கொண்டு கிடக்கின்றன. இந்தப் பிள்ளை முன்னால் நின்றுகொண்டு பூனை என்ன தின்னும் என்கிறது. வேறு பண்ணைக்குப் போக வேண்டியவள் வழி தவறி வந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

எங்கள் பண்ணை நாமக்கல்லுக்கு மேற்கே, பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஷெட்டு. வீட்டுக்காரர் இருக்கும்போது கட்டியது. இப்போது மகன் பார்க்கிறான். பார்க்கிறான் என்று சொன்னாலும் என் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒன்றும் நடக்காது. கோழிப்பண்ணை என்றால் ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் பண்ணையைத் தாண்டும்போது யாரும் பொத்தியதில்லை. வாரம் இரண்டு தடவை சுண்ணாம்புத்தூள் தூவுவோம். செத்த கோழியை அன்றன்றே குழியில் போட்டு மூடுவோம். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படாமல் என்ன செய்வது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மெதுவாக எழுதவும் செய்வேன், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். ஆனால் மாடு என்று வந்தால் நான் யாரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. என் கட்டுத்தரையில் நிற்கிற மாட்டைப் பார்க்கச் சுற்றுவட்டத்தில் ஆள் வருவார்கள். தோல் அப்படி மினுக்கும். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டு, எல்லோரும் போடுவதுதான் என்பேன்.

எல்லோரும் போடுவதைத் தவிர ஒன்று உண்டு. கன்று போட்ட மாட்டுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயில் அடித்து, மூங்கில் குழாயில் நிரப்பி வாயில் ஊற்றுவேன். என் அம்மா வீட்டில் வண்டி மாட்டுக்கு ஊற்றுவார்கள். அங்கே நாலு முட்டைக்கே வழியில்லை. இங்கே முட்டைக்கு என்ன பஞ்சம். கீறல் விட்டது, ஓடு பிடிக்காமல் தோலோடு வந்தது, வியாபாரத்துக்கு ஆகாததெல்லாம் மாட்டுக்குத்தான்.

குழாயைப் பிடித்து ஊற்ற ஒருத்தி, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தி என்று இரண்டு ஆள் வேண்டும். தலையைப் பிடிக்கிறவள் எங்களிடம் வேலை பார்க்கிற பெண். வெண்ணந்தூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். அவள் புருஷன் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவான். பிள்ளை குட்டி இல்லை. பண்ணையை ஒட்டின வீட்டில் தனியாக இருக்கிறாள். தீவனம் வைப்பது, முட்டை எடுப்பது, பால் கறப்பது எல்லாம் அவள் கை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என்னை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான், நானும் அவளை விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த மார்கழியில் மேற்கு ஷெட்டில் முதலில் முட்டை குறைந்தது. வந்த முட்டையிலும் தோல் முட்டை கூடிப் போயிற்று. காலையில் கூடை நிறையத் தோல் முட்டை. மகன் முகம் சுருங்கிப் போனான். நான் மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மாடு கன்று போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. எலும்பு தெரிய இளைத்திருந்தது. சரி, மாட்டுக்கு நல்ல காலம் என்று நினைத்து, தினம் பத்து முட்டை ஊற்றினேன். நாலாம் நாள் கோழி சாக ஆரம்பித்தது. தீனி வைக்கப் போனவள் கூண்டுக்கு ஒன்று என்று எடுத்துவந்து வரிசையாகப் போட்டாள். மகன் கால்நடை ஆபீசுக்குப் போன் செய்தான்.

முதலில் இரண்டு பேர் வந்து செத்த கோழிகளைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். வடக்கே ஏதோ ஊருக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம். முடிவு வரும்வரை முட்டை, கோழி, எரு எதுவும் வெளியே போகக்கூடாது. அடுத்த நாள்தான் இந்த டாக்டரம்மா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பேச்சிலேயே தெரிந்தது. கையில் உறை, வாயில் துணி, காலுக்குப் பிளாஸ்டிக் பை. என் வாசலில் அப்படி ஒருவர் வந்து நின்றதில்லை. எனக்கு அது ஒரு மாதிரி சுருக்கென்றிருந்தது.

பறவைக் காய்ச்சலாக இருந்தால், அது கோழியோடு நிற்குமா, பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற பிராணிகளுக்கும் தாவுமா என்று பார்க்கிறோம் என்றாள். சில தேசங்களில் பூனைக்கு வந்திருக்கிறதாம். கறவை மாட்டுக்கே வந்திருக்கிறதாம். மாட்டுக்கு வந்தால் மனிதருக்கும் வழி கிட்டே வந்துவிடுமாம்.

"இங்க வந்திருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. கோழிக்கு அதுதானான்னே இன்னும் தெரியல. வந்தா எந்த வழியா வரும்னு மதிப்புப் போடுறோம்."

வராத ஒன்றுக்கு மதிப்புப் போடுவது எப்படி? விளையாத காட்டுக்கு மூட்டை எண்ணுகிற மாதிரி இருந்தது. பயப்பட வேண்டாம் என்றும் சொல்கிறாள். வாயில் கட்டின துணியையும் அவிழ்க்க மாட்டேன் என்கிறாள். இதில் எதை நான் எடுத்துக்கொள்வது?

பிறகு தாளைப் பார்த்து, "மாட்டுக்குப் பச்சை முட்டை ஊத்துவீங்களாம்மா? இந்தப் பக்கம் ஊத்துற பழக்கம் இருக்குன்னு சொன்னாங்க" என்றாள்.

அந்த 'இந்தப் பக்கம்' என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். அல்லது என் மாட்டின் ரகசியம் வெளியே போவதில் வந்ததோ. நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"அதெல்லாம் எங்க ஊட்ல கிடையாதுங்க."

தலையைப் பிடிக்கிறவள் பக்கத்திலேயே நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். டாக்டரம்மா தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வண்டி கிளம்பிப் போனதும் அவள் கேட்டாள்.

"ஏனுங் பெரீம்மா, அப்ப நான் தெனமும் தலையப் புடிச்சது ஆரு மாட்டுக்குங்க?"

"வாய மூடிட்டுப் போய்த் தீவனத்தப் பாரு சாமி" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாடு தீனியைத் தள்ளியது. தொட்டுப் பார்த்தால் காது சுட்டது. அவள் கறந்துகொண்டு வந்த பாலைப் பார்த்தேன். கன்று போட்டு ஒரு மாதம் ஆன மாட்டின் பால் சீம்பால் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. மடியில் நோவு, அவ்வளவுதான் என்றேன். எத்தனை மடிநோவு பார்த்திருக்கிறேன். மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசச் சொன்னேன். அவளும் பூசினாள். அவள் கறக்கும்போது நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்துத்தான் உட்காருவாள். வலியில் மாடு காலை உதறப் பால் அவள் முகமெல்லாம் தெறித்தது. தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கறந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் இரண்டு கண்ணும் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"மெட்ராஸ் ஐ-ங்க. என்னையப் பாக்காதீங்க, உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றாள்.

கை சுட்டது. உடம்பு வலி என்றாள். மெட்ராஸ் ஐ அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. மாட்டுக்கு மடிநோவு வருவதும் உலகத்தில் இல்லாததா. கோழிக்கு மார்கழிப் பனியில் சீக்கு வருவது வருஷா வருஷம் பார்ப்பது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் எனக்குத் தெரிந்த சமாசாரம். ஆனால் கோழி, முட்டை, குழாய், மாடு, பால், அவள் கண் என்று சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை வருகிறது. அந்த வரிசையில் குழாயைப் பிடித்த கை என்னுடையது. நான் இல்லை என்று சொன்ன இடத்தில் டாக்டரம்மா கோடு போட்டிருக்கிறாள். அவர்கள் அவளைத் தேடி வரமாட்டார்கள். அவளுக்கு என்னவாவது ஆனால் வடக்கே இருக்கிற அந்த மனுஷனிடம் நான் என்ன சொல்வேன்?

மகனிடம் சொன்னேன். அவன், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிவருகிறேன், முடிவு வரட்டும், இல்லை என்று சொன்னதை இப்போது மாற்றிச் சொன்னால் பண்ணைக்கே கெட்ட பேர் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எது நியாயம் என்றே எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. முகத்தைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மகனிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு போகிற பழக்கமும் எனக்கு இல்லை.

ஆபீசில் டாக்டரம்மா என்னைக் கண்டதும் வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்துவிட்டாள். இரண்டு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னாள். பண்ணை ஆட்கள் உள்ளே வரக்கூடாதாம். நான் பஸ்ஸில் வந்தேன் என்றதும் அவள் முகம் மாறியது. பஸ்ஸில் வந்ததும் ஒரு தப்பு போலிருக்கிறது. தப்பு எங்கே எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது.

"அன்னைக்கு இல்லைன்னு சொன்னேனுங் கண்ணு. அது பொய்யி. ஊத்துனேன். நோவு வந்த ஷெட்டு முட்டைதான், தெனமும் பத்து" என்றேன். பிறகு மாட்டின் காய்ச்சலைச் சொன்னேன். பால் சீம்பால் மாதிரி இருக்கிறது என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"யாரு கறக்குறாங்க?"

கறக்கிறவள் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி கேட்டது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை எடுத்து யார் யாரிடமோ பேசினாள். பிறகு அந்தத் தாளை எடுத்தாள். பழைய கோட்டை அழிக்கவில்லை. கீழே புதிதாக எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் என் பேரை முழுதாக எழுதினேன். நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

வண்டி வரும்வரை நேரம் இருந்ததால், இதில் என்னதான் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். காட்டினாள். மூன்று கட்டம். முதல் கட்டத்தில், வர எவ்வளவு வாய்ப்பு. இரண்டாவதில், வந்தால் எவ்வளவு சேதம். இரண்டையும் வைத்து ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று போடுவார்களாம். இதை இரண்டு தடவை சொன்னாள். வாய்ப்புக் குறைவாக இருந்தாலும் சேதம் பெரிதானால் விடமுடியாது என்றாள். தலையாட்டினேன். விளங்கவில்லை.

மூன்றாவது கட்டம் என்ன என்றேன்.

"நாங்க போட்ட மதிப்பு எங்களுக்கே எவ்வளவு நிச்சயம்கிறது."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'குறைவு' என்று எழுதியிருந்தது.

படித்தவர்கள் தங்களுக்கு நிச்சயமில்லை என்பதைத் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டு வைப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு மாட்டு வைத்தியம் சொன்னவர்கள், மனுஷ வைத்தியம் சொன்னவர்கள், ஜாதகம் பார்த்தவர்கள், ஒருத்தர்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதைப் பார்த்து நான் பயப்பட வேண்டுமா, இந்தப் பிள்ளையை நம்ப வேண்டுமா என்று குழம்பிப் போனேன்.

சாயங்காலத்துக்குள் வண்டி வந்தது. மாட்டின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். நாலு காம்பிலும் தனித்தனியாகப் பால் பிடித்தார்கள். கறக்கிறவளை நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தனி அறை. கண்ணில், மூக்கில், தொண்டையில் குச்சி விட்டார்களாம். ஐந்து நாள் மாத்திரை. என்னையும் மகனையும் வீட்டையும் பண்ணையையும் விட்டு அசையக்கூடாது என்றார்கள். வண்டியில் ஏறும்போது, "நல்லா இருந்தவள மூஞ்சிய மூடி வண்டியேத்திப்போட்டீங்களே பெரீம்மா" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அவள் இல்லாத நாட்களில் மாட்டை நானே கறந்தேன். கையுறை, வாய்த்துணி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. மாடு என்னை அடையாளம் தெரியாமல் மிரண்டது. கறந்த பாலைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தார்கள். கன்றுக்குக் காய்ச்சின பவுடர் பால். சொந்தத் தாய் பக்கத்தில் நிற்க, கன்று பாட்டிலைச் சப்பியது. நான் கொட்டுவது பாலா விஷமா என்று தெரியாமலே தினம் இரண்டு வேளை கொட்டினேன். விஷமாக இருந்தால், அவளுக்கு நான் செய்தது என்ன? வெறும் பாலாக இருந்தால், ஊரே பார்க்க அவளை வண்டியில் ஏற்றினேனே, அது என்ன? எதை வேண்டிக்கொள்வது என்பது மட்டும் தெரிந்தது. அதை வேண்டிக்கொண்டேன்.

மகன் போன் போட்டுக் கொடுப்பான். அவள் எடுத்ததும், "மாடு தீனி எடுத்துச்சுங்களா?" என்பாள். தன் கண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டாள். நான் கேட்டால், "அதுக்கென்னுங்க, கெடக்குது" என்பாள்.

முடிவு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. கோழிக்கு வந்தது கோழிகளுக்கு எப்போதும் வருகிற வெள்ளைக் கழிச்சல். ஊசி போட்டும் வந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் இல்லை. மாட்டுக்கு மடிநோவு. நான் சொன்னதேதான். அவளுக்கு மெட்ராஸ் ஐ, கூடச் சாதாரணக் காய்ச்சல். அவள் சொன்னதேதான். எனக்கு ஒன்றுமில்லை.

ஆக எங்கள் இரண்டு பேருக்கும் முதலிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஏன் இவ்வளவும் நடந்தது? டாக்டரம்மா வந்து தடையை எடுத்துவிட்டதாகச் சொன்னபோது அதைத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சிருந்ததுன்னு இப்பத்தான் தெரியுது. அன்னைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள்.

"செரிங் கண்ணு. ஒண்ணும் வரலீல்ல. அந்த முட்டை ஊத்துன எடத்துல இப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"ஆபத்து அதிகம்னுதான்."

"வராததுக்கா?"

"இந்தத் தடவை வரலம்மா. வழி அப்படியேதான் இருக்கு."

இதைப் பற்றி நான் எத்தனையோ பொழுது யோசித்துவிட்டேன். சில நாள் விளங்கின மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் கையில் நிற்காது. ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதிகம் என்று இருக்கிறது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், "கண்ணக் காட்டு" என்றேன். இமையை இழுத்துக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது. மறுபடியும் காட்டச் சொன்னேன்.

"எத்தனை வாட்டிங்க பாப்பீங்க? உங்க பொய்யில போனது ஒண்ணுமில்லீங்க. ஒரு வாரம் சும்மா ஒக்காந்து சோறு தின்னேன், அவ்வளவுதான்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். மாடு அவள் தோளை நக்க ஆரம்பித்துவிட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

மூங்கில் குழாயை எரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். எரிக்கவில்லை. சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவி, மருந்து ஊற்றுவதற்கென்று மேலே சொருகி வைத்திருக்கிறேன். இது சரியா தப்பா என்று டாக்டரம்மாவைக் கேட்கவில்லை.

சித்திரையில் டாக்டரம்மா மறுபடியும் அதே கட்டுத் தாளோடு வந்தாள். அதே கேள்விகள். தண்ணீர்த் தொட்டி, பூனை, நாய். மாட்டுக்குப் பச்சை முட்டை ஊற்றுகிறீர்களா என்று வந்தபோது நான் வாயைத் திறக்குமுன் தலையைப் பிடிக்கிறவள் முந்திக்கொண்டாள்.

"பச்சையா இல்லீங்க டாக்டரம்மா. இப்ப எங்க பெரீம்மா முட்டையை அவிச்சு, வெல்லம் வெச்சு, உருண்டை புடிச்சு ஊட்டறாங்க. மாடு என்ற மேலயே துப்புது."

டாக்டரம்மா வாய்த்துணிக்குள் சிரித்தாள். பேனாவை வைத்துக்கொண்டு தாளில் மேலும் கீழும் தேடினாள். அதை எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை போலிருக்கிறது.

போகும்போது நான் கேட்டேன், அந்த மூன்றாவது கட்டத்தில் இப்போதாவது ஏதாவது மாறியிருக்கிறதா என்று. தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். நான் அவசரப்படாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே 'குறைவு'தான் இருந்தது.